உள்வாங்காத இடது பின் ஜாக்கி: 1937 எம்ஜி எஸ்ஏ காரில் ஒரு நிகழ்வு ஆய்வு

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது இடது பின்பக்கத்தில் ‘கர்ர்ர்’ என்று ஓர் உரசல். சைலன்சர் தொங்குகிறது போல என்று வண்டிக்காரர் நினைத்திருக்கிறார். ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால் சைலன்சர் அதனிடத்தில் ஒழுங்காக இருக்கிறது. பின் ஆக்ஸிலின் இடது ஓரத்திலிருந்து ஓர் இரும்புக் கால்தான் நான்கு விரற்கடை கீழே நீட்டிக்கொண்டு நின்றது. வண்டியோடு கூடப் பிறந்த ஜாக்கியின் கால் அது. அதற்கு முந்தைய வாரம் ஒரு சக்கரத்தைக் கழற்ற அதை இயக்கியிருக்கிறார். வேலை முடிந்ததும் மற்ற மூன்றும் உள்ளே போய்விட்டன, இது மட்டும் பாதியில் நின்றுவிட்டது. கவனிக்காமல் ஓட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, சாதாரண ஜாக்கி ஒன்றை அடியில் கொடுத்து அந்தக் காலை மெல்ல மெல்ல உள்ளே தள்ளி, கட்டுக்கம்பியால் ஆக்ஸிலோடு சேர்த்து நான்கு சுற்று சுற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். எண்பது வருடத்துக்கு மேல் பழைய கார், பளபளக்கும் குரோமியம், வால்நட் மரப் பலகை, தோல் இருக்கை. அடியில் பந்தல் கட்டுகிற மாதிரி கம்பிக்கட்டு. நான் சிரித்ததை அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறேன். வார நாளில் வேறு வேலை, சனிக்கிழமையில் இப்படிப்பட்ட பழைய வண்டிகள். மூன்று சனிக்கிழமை இந்த ஒரு கோளாறுக்குப் போயின. அதில் ஒன்று என் அவசரத்தால் வீணானது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வண்டியும் அமைப்பும்

எம்ஜி என்றதும் இரண்டு பேர் உட்காரும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார்தான் நினைவுக்கு வரும். எஸ்ஏ அந்த ரகமில்லை. 1936 முதல் 1939 வரை அபிங்டன் தொழிற்சாலையில் மொத்தம் 2,700 சொச்சம் மட்டுமே செய்யப்பட்ட, பெரும்பாலும் நான்கு கதவு வைத்த பெரிய வண்டி. வுல்ஸ்லி சூப்பர் சிக்ஸ் வழிவந்த ஆறு சிலிண்டர் எஞ்சின், முதலில் 2,288 சிசி, பிறகு 2,322 சிசி. நான்கு சக்கரத்துக்கும் லாக்ஹீட் ஹைட்ராலிக் பிரேக். மோரிஸ், வுல்ஸ்லி, எம்ஜி எல்லாம் அப்போது மோரிஸை நிறுவிய நஃபீல்டு பிரபுவின் ஒரே கூரையின் கீழ் இருந்தவை. நம் அம்பாசடரும் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக அந்தக் குடும்பத்துத் தூரத்துச் சொந்தம்தான்.

இந்த வண்டியில் இருப்பது ‘ஜாக்கால்’ என்ற பெயரில் ஸ்மித்ஸ் நிறுவனம் விற்ற, வண்டியிலேயே பொருத்திய ஹைட்ராலிக் ஜாக்கி அமைப்பு. 1930-களின் பிரிட்டிஷ் சொகுசு கார்களுக்கு இது ஒரு பெருமை. அப்போது பஞ்சர் அன்றாட விஷயம், சக்கரமோ கனம். நல்ல உடை போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகிறவர் சேற்றில் முழந்தாளிட்டு ஜாக்கியைச் சுற்ற வேண்டாம் என்பதுதான் விற்பனைப் பேச்சு. ரோல்ஸ் ராய்ஸின் 12 சிலிண்டர் ஃபேன்டம் 3 காரில்கூட வண்டிக்குள்ளேயே ஜாக்கி உண்டு. போர் முடிந்து வந்த ஆஸ்டின் ஷியர்லைன் வரை இந்தப் பழக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. அப்புறம் டயர் நன்றாகிவிட்டது, பஞ்சர் குறைந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படுவதற்காக நான்கு சிலிண்டரையும் பல கெஜம் குழாயையும் சுமந்து திரிவானேன் என்று விட்டுவிட்டார்கள். இன்று பந்தயக் கார்களில் காற்றழுத்த ஜாக்கியாக அதே எண்ணம் உயிரோடு இருக்கிறது.

அமைப்பு எளிமையானது. காலடிக் கம்பளத்தை விலக்கினால் ஒரு கைப் பம்பு, அதோடு ஒட்டிய ஆயில் தொட்டி. முன்பக்கம் மட்டும், பின்பக்கம் மட்டும், நான்கும் என்று தேர்ந்தெடுக்க ஒரு திருகு. அழுத்தத்தை விடுவிக்க ஒரு வால்வு. பம்பிலிருந்து செப்புக் குழாய்கள் சேஸிஸ் ஓரமாக ஓடி, கடைசி ஓர் அடியில் வளையும் ஹோஸாக மாறி, ஆக்ஸிலில் இருக்கும் ஜாக்கிக்குப் போகின்றன. ஆக்ஸில் மேலும் கீழும் ஆடுவதால் அந்த ஹோஸ் தேவை. பிரேக்கில் இருப்பது போலவே.

பம்பு அடித்தால் ஜாக்கியின் கால் நீண்டு தரையை ஊன்றி வண்டியைத் தூக்கும். விடுவிப்பு வால்வைத் திறந்தால் வண்டியின் எடையே அதை உள்ளே தள்ளும். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு எடை இல்லை. மிச்ச தூரத்துக்குக் காலை உள்ளே இழுப்பது ஜாக்கிக்குள் இருக்கும் ஸ்பிரிங் மட்டும்தான். போகும்போது பம்பின் பலம், வரும்போது ஒரு ஸ்பிரிங்கின் பலம். இந்தக் கோளாறு முழுக்க இந்த ஏற்றத்தாழ்வில்தான் ஒளிந்திருந்தது.

முதல் சனிக்கிழமை

கான்கிரீட் தரை, மட்டமான இடம். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை. இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. கைப் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. நான்கையும் தூக்கினால் சொல்லவே வேண்டாம். ஒன்றரை டன்னுக்குக் கொஞ்சம் முன்பின்னான எடை நான்கு ஒல்லிக் கால்களில் நிற்கும். பக்கவாட்டில் ஒரு தள்ளு போதும். இந்த அமைப்பு சக்கரம் மாற்றுவதற்கு மட்டுமே. ஆக்ஸில் ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் தலையை விடக்கூடாது.

கம்பிக்கட்டை வெட்டிவிட்டுப் ‘பின்பக்கம்’ வைத்துப் பம்பு அடித்தேன். வலது ஜாக்கி இறங்கித் தரையைத் தொட்டு வண்டியைத் தூக்க ஆரம்பித்தது. இடது அசையவில்லை. வலது நன்றாகத் தூக்கிய பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தத்தோடு இடது குதித்து இறங்கியது. அப்புறம் இரண்டும் சேர்ந்து தூக்கின. ஸ்டாண்டு கொடுக்கப் போவதற்குள் கவனித்தேன், வண்டி மெல்லக் கீழே வந்துகொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் சக்கரம் தரையைத் தொட்டது. வால்வைத் திறந்தால் வலது கால் சரசரவென்று உள்ளே போனது. இடது பாதியில் நின்றது.

ஆக மூன்று புகார்: இடது தாமதமாக இறங்குகிறது, வண்டி தூக்கிய உயரத்தில் நிற்கவில்லை, இடது முழுக்க உள்வாங்கவில்லை.

முதல் புகாரை உடனே கோளாறு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இரண்டு ஜாக்கிக்கும் ஒரே குழாய்வழி, ஒரே அழுத்தம். வாய்க்காலில் விட்ட தண்ணீர் பள்ளத்தைத் தேடி ஓடுவது போல ஆயில் சுமை குறைந்த ஜாக்கியைத் தேடி ஓடும். கணக்குக்காக ஜாக்கியின் உட்பரப்பு ஒரு சதுர அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 800 பவுண்டு சுமை உள்ள மூலைக்கு 800 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) வேண்டும். 850 பவுண்டு உள்ள மூலைக்கு 850. அழுத்தம் 800-ஐத் தொட்டதும் முதல் மூலை எழும்பும். அது ஓரளவு எழும்பி எடை அந்தப் பக்கம் சாயும்வரை இரண்டாவது மூலை சும்மாதான் இருக்கும். ஒரு பக்கம் முந்துவது இயல்பு. இது தெரியாமல் நல்ல ஜாக்கியைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

ஆனால் இங்கே இடது ஜாக்கி தரையைத் தொடுவதற்கு முன்பே தாமதித்தது. காற்றில் தொங்கும் காலுக்கு என்ன சுமை? அதைத் தனியாகப் பார்க்க, பின் ஆக்ஸிலை வேறு ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவைத்தேன். இப்போது இரண்டு ஜாக்கியும் காற்றில் தொங்குகின்றன, வண்டியின் எடை என்ற பேச்சே இல்லை. எதிர்ப்பது ஸ்பிரிங்கும் உராய்வும் மட்டும். பம்பு வாயில் ஒரு ‘T’ வடிவ இணைப்புப் போட்டு அழுத்தமானியை மாட்டினேன். வலது கால் 40 பிஎஸ்ஐ-க்கே அசைந்தது. இடது 180 வரை பொறுத்திருந்துவிட்டுக் குதித்தது.

சரி, இடது ஜாக்கி உள்ளே இறுகியிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். தப்பான முடிவு என்று சொல்ல முடியாது. பாதி முடிவு. அந்த இடத்தில் நிற்காமல் ஸ்பேனரை எடுத்ததுதான் என் பிழை.

கழற்றிய ஜாக்கி

ஆக்ஸிலுக்கு அடியில், சாலைச் சேறு நேராக வந்து அடிக்கும் இடத்தில் வாழ்கிற பொருள் இது. வெளியே அரை அங்குலத்துக்குக் கிரீஸும் மண்ணும் கலந்த அப்பம். சுரண்டி எடுத்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எகிறாதபடி வைஸில் பிடித்து மெல்ல விட்டுப் பிரித்தேன். உள்ளே ஆயில் கசியாமல் அடைக்கும் ஒரு ரப்பர் கப், பிரேக் சிலிண்டரில் இருப்பது போன்றது. யாரோ முன்பு எப்போதோ புதிதாகப் போட்டது, ரப்பர் வயதானதாகத் தெரியவில்லை. ஆனால் தொட்டால் கொழகொழ என்று இருந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் பதிந்தது. ஓரம் புடைத்து, சிலிண்டருக்குள் பிடித்துக்கொண்டு வந்தது. இன்னொரு ஜாக்கிக்காக வைத்திருந்த அதே அளவுப் புதுக் கப்பின் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்தேன். விட்டத்தில் ஒன்றரை மி.மீ. பெருத்திருந்தது. கப்புக்கு ஒன்றரை மி.மீ. என்பது பெரிய ஊதல்.

ரப்பர் இப்படி ஊதுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஆயில் தொட்டியைத் திறந்து ஒரு சிரிஞ்சில் கொஞ்சம் எடுத்து, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டேன். பிரேக் ஆயில் என்றால் தண்ணீரில் கரைந்து காணாமல் போகும். இது இரண்டு பொட்டாக மேலே மிதந்து, வானவில் நிறத்தில் பரவி நின்றது. மினரல் ஆயில், அதாவது பெட்ரோலிய எண்ணெய்.

வண்டிக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். இரண்டு வருடம் முன்பு ஒரு பட்டறையில் விட்டபோது, “ஜாக்கிக்கு ஆயில் குறைந்திருந்தது, ஊற்றிவிட்டோம்” என்று சொன்னார்களாம். அவர்கள் ஊற்றியது ஹைட்ராலிக் ஜாக்கி ஆயில். ஜாக்கிக்கு ஜாக்கி ஆயில்தானே? நியாயமாகத்தான் தோன்றும். பட்டறையில் இருக்கும் டிராலி ஜாக்கிக்கு அது சரி, அதன் சீல்கள் அந்த ஆயிலுக்கென்றே செய்தவை. இந்த வண்டியில் யாரோ பிரேக் கப் ரகத்தில் ரப்பர் போட்டிருக்கிறார்கள். அந்த ரப்பருக்கு மினரல் ஆயில் விஷம்.

இதில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. நாம் ‘பிரேக் ஆயில்’ என்கிறோம். அது ஆயிலே இல்லை. கிளைக்கால் வகைத் திரவம், எண்ணெய்ப் பசை என்று நாம் சொல்லும் எதுவும் அதில் கிடையாது. பெயரில் ஆயில் இருப்பதால் ‘எந்த ஆயிலாக இருந்தால் என்ன’ என்ற நினைப்பு எளிதில் வந்துவிடுகிறது. என் அப்பாவின் பட்டறையில் ஒரு பையன் பிரேக் தொட்டியில் எஞ்சின் ஆயிலை ஊற்றி, அன்று மாலை நான்கு சக்கரமும் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு வேனை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நினைப்பு வந்ததும் வயிற்றில் ஏதோ கரைந்தது. ஜாக்கித் தொட்டியில் ஊற்றிய அதே கை, பிரேக் தொட்டியிலும் ஊற்றியிருந்தால்? ஜாக்கி உள்வாங்காவிட்டால் உரசும், அவ்வளவுதான். பிரேக் கப் ஊதினால் கதையே வேறு. கையில் இருந்த ஜாக்கியை அப்படியே வைத்துவிட்டு, பிரேக் தொட்டி மூடியைத் திறந்து இரண்டு சொட்டு எடுத்து வேறு குவளையில் விட்டேன். கரைந்தது. மூடியின் ரப்பர் வாஷரும் கெட்டியாக, உருவம் மாறாமல் இருந்தது. அந்தத் தொட்டியை எப்போதும் தானேதான் நிரப்புவதாக அவர் சொன்னார். அவர் முகத்திலும் அப்போதுதான் ரத்தம் திரும்பி வந்தது.

சிலிண்டர் உள்சுவரில் கப் உட்கார்ந்திருந்த இடத்தில் மெல்லிய துரு வளையம். லேசாக ஹோன் பண்ணியதும், அதாவது உட்சுவரைத் தேய்த்ததும், போய்விட்டது, குழி விழவில்லை. புதுக் கப் போட்டு, கூட்டி, மாட்டி, மாலை ஆறு மணிக்குப் பம்பு அடித்தேன். இடது 50 பிஎஸ்ஐ-க்கே இறங்கியது. வெற்றி என்று நினைத்து வால்வைத் திறந்தேன்.

கால் பாதியில் நின்றது. கண்ணெதிரே, முதலில் நின்ற அதே இடத்தில்.

அண்ணையின் ஒரு வரி

அடுத்த வாரம் முழுக்க ஸ்பிரிங் மேலேயே சந்தேகம். எண்பது வருடத்து ஸ்பிரிங், பலம் போயிருக்கும் என்று. வலது ஜாக்கியின் ஸ்பிரிங்கைக் கழற்றி ஒப்பிட்டுப் பார்க்கலாம், புதிதாகச் செய்யக் கொடுக்கலாம் என்றெல்லாம் திட்டம். இரவல் வாங்கிய அழுத்தமானியை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளக் கேட்டு வெள்ளிக்கிழமை போன இடத்தில் அண்ணையிடம் சொன்னேன். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் ஆஸ்டின் ஏ-40-யும் மோரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தில் அங்கே தொழில் பழகியவர். இங்கே கராஜ் வைத்து இருபது வருடம் ஆகிறது. டயரில் காற்று அடித்துக்கொண்டே கேட்டார்.

“கப் ஊதினது எண்டு சொல்லுறீங்கள். ஹோஸ் என்ன, இரும்பாலயே செய்தது?”

நான் பேசாமல் நின்றேன்.

“உள்ளுக்கை இருக்கிறதும் ரப்பர்தானே தம்பி. அதுவும் ஊதியிருக்கும். பம்பு அடிக்கேக்கை பிரஷர் தள்ளிக்கொண்டு போயிடும். திரும்பி வரேக்கை ஆர் தள்ளுறது? ஒருக்கா யூனியனை லூசாக்கிப் பாருங்கோ.”

பிரேக் வேலை செய்த எவனுக்கும் இது தெரியும். பெடலை மிதித்தால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. டிரம் சூடாகிப் புகையும். சிலிண்டரை மாற்றுவார்கள், ஷூவை மாற்றுவார்கள், கடைசியில் ஹோஸ். ஹோஸின் உள்தோல் ஊதி வழி ஊசித்துளை போல் ஆகிவிட்டால், மேலிருந்து வரும் அழுத்தம் எப்படியோ நுழைந்துவிடும், கீழிருந்து வரும் மெல்லிய அழுத்தத்தால் திரும்ப முடியாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஜாக்கி என்ற பெயர் கண்ணை மறைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை, ஆக்ஸில் ஸ்டாண்டில் இருக்க, இடது ஜாக்கியைப் பாதியில் நிற்கவிட்டு, ஹோஸ் ஜாக்கியைச் சந்திக்கும் இடத்தில் யூனியனை, அதாவது இணைப்பு மரையை, அரைச் சுற்று தளர்த்தினேன். ஆயில் வழிந்தது. கால் மெல்ல, சீராக, முழுக்க உள்ளே போனது. ஸ்பிரிங்குக்கு ஒரு குறையும் இல்லை. தடை யூனியனுக்கு மேலே இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு ஒரு ஸ்பேனர், ஒரு தட்டு, அரை நிமிடம் போதும். யூனியனைத் தளர்த்தியும் கால் அசையவில்லை என்றால் ஜாக்கிக்குள் இறுக்கம் அல்லது ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. அசைந்தால் ஹோஸ், குழாய், பம்பு. இதை முதல் சனிக்கிழமை செய்திருக்க வேண்டும். இந்த வண்டியில் அன்று செய்திருந்தாலும் பதில் குழப்பமாகவே வந்திருக்கும், கப்பும் ஊதியிருந்ததே. ஆனால் ‘கப்பை மாற்றினால் முடிந்தது’ என்ற நம்பிக்கை வந்திருக்காது.

ஹோஸைக் கழற்றி ஒரு முனையில் வாய் வைத்து ஊதினேன். கன்னம் வலித்தது, மறுமுனையில் காற்று வரவில்லை. நீளவாக்கில் கத்தியால் பிளந்தால், உள்தோல் மடிந்து மடிந்து, சப்பிப்போட்ட முருங்கைச் சக்கை போல் இருந்தது. வலது பக்க ஹோஸையும் கழற்றினேன். அதில் காற்று போனது, ஆனால் முணகிக்கொண்டு. நான்கையும் மாற்றுவது என்று அங்கேயே முடிவாயிற்று. பிரேக் ஹோஸ் செய்பவர்களிடம் பழைய முனைகளைக் காட்டினால் அதே மரையில் புதிது செய்து கொடுக்கிறார்கள்.

இறங்கும் வண்டி

ஹோஸ் வரும்வரை மீதிப் புகார். தூக்கிய வண்டி பத்து நிமிடத்தில் இறங்குகிறது என்றால் ஆயில் எங்கோ போகிறது. வெளியே போனால் தரையில் சொட்டு இருக்கும், தொட்டியில் மட்டம் குறையும். தரை காய்ந்திருந்தது. தொட்டியின் உள்சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் பார்த்தால், வண்டி இறங்க இறங்க மட்டம் ஏறியது. அழுத்தத்தில் இருக்கும் ஆயில் பம்பு வழியாகவே தொட்டிக்குத் திரும்புகிறது.

உறுதி செய்ய, பம்பிலிருந்து போகும் குழாய்களைக் கழற்றி வாய்களைப் பிளக் போட்டு அடைத்துவிட்டு, அழுத்தமானியோடு பம்பைத் தனியாக அடித்தேன். 600 பிஎஸ்ஐ ஏற்றிக் கைப்பிடியை விட்டேன். நான்கு நிமிடத்தில் 200. குழாய், ஹோஸ், ஜாக்கி எதுவும் சம்பந்தப்படாத இழப்பு.

தொட்டியைக் காலி செய்தபோது மேலே ஆயில், அடியில் பதநீர்ப் பானையில் தங்கும் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு, ஆனால் காப்பி நிறத்தில். தண்ணீரும் துருவும். காலடியில் இருக்கும் தொட்டி இது. மூடியில் காற்று போக ஒரு துளை. நனைந்த கம்பளம் எத்தனை குளிர்காலம் அதன் மேல் கிடந்ததோ.

விடுவிப்பு வால்வில் ஓர் எஃகுக் குண்டு ஒரு வட்ட விளிம்பில் உட்கார்ந்து வழியை அடைக்கிறது. குண்டில் ஒரு துருப்பொட்டு. விளிம்பில் மயிரிழைக் கீறல் ஒன்று, பூதக்கண்ணாடியில்தான் தெரிந்தது. இதற்குப் பழைய வைத்தியம் உண்டு: விளிம்பைச் சுத்தமாகத் துடைத்து, குண்டை அதில் வைத்து, மேலே பித்தளைத் தண்டு வைத்துச் சுத்தியால் ஒரே தட்டு. விளிம்பு குண்டின் வடிவத்துக்குப் படிந்துவிடும். ஒரே தட்டு என்றால் ஒரே தட்டுதான். இரண்டாவது தட்டில் கை சற்றே சாய்ந்தால் விளிம்பு முட்டை வடிவமாகிவிடும், அப்புறம் லேத்துக்குத்தான் போக வேண்டும். தட்டிய குண்டைத் தூக்கி எறிந்துவிட்டு அதே அளவுப் புதுக் குண்டு. மீண்டும் 600 ஏற்றினேன். தேநீர் குடித்துவிட்டு அரை மணி கழித்து வந்து பார்த்தபோது முள் 590-க்குக் கொஞ்சம் கீழே.

எந்த ஆயில்?

இதில் அண்ணைக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. மினரல் ஆயிலுக்கு ஏற்ற நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் கப்பும் ஹோஸும் போட்டுவிட்டு மினரல் ஆயிலே ஊற்று என்பது அவர் கட்சி. அவர் வாதத்தில் பலம் உண்டு. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். வருடத்துக்கு இரண்டு தடவை இயங்கும் ஜாக்கியில் அந்த ஈரம் கப் உட்காரும் இடத்திலேயே தேங்கித் துருப்பிடிக்க வைக்கும். மினரல் ஆயில் அதைச் செய்யாது. அதோடு பிரேக் ஆயில் சிந்தினால் பெயின்ட் உரியும், இந்த வண்டியின் பெயின்டுக்கு ஆன செலவில் வேறொரு கார் வாங்கலாம்.

நான் வண்டியைப் பார்க்கவில்லை, வண்டிக்காரரின் கராஜ் அலமாரியைப் பார்த்தேன். அதில் பிரேக் ஆயில் போத்தல் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் மினரல் ஆயில் போத்தல் ஒன்றும் வந்து உட்கார்ந்தால், என்றாவது ஒருநாள் மங்கல் வெளிச்சத்தில் அது பிரேக் தொட்டிக்குப் போகும். இரண்டு அமைப்புக்கும் ஒரே போத்தல் என்றால் மாறிப்போக வழியில்லை. பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எப்படியும் மாற்றத்தான் வேண்டும், அன்றே ஜாக்கிக்கும் மாற்றிவிட்டால் ஈரக் கணக்கும் தீர்ந்தது. அண்ணை தலையை ஆட்டினார், ஒப்புக்கொண்ட ஆட்டல் இல்லை அது.

மினரல் ஆயில் ஓடிய குழாயில் அப்படியே பிரேக் ஆயிலை ஊற்றினால் புதுக் கப்பும் பழைய கதைதான். செப்புக் குழாய் ஒவ்வொன்றையும் தனியாகக் கழற்றி, பிரேக் கிளீனர் விட்டு, பிறகு ஸ்பிரிட் விட்டு, கம்பிரஸர் காற்றில் ஊதினோம். மறுமுனையில் பிடித்த வெள்ளைத் துணியில் கறை வராத வரைக்கும். அலுப்பான வேலை, அரை நாள் போனது. மற்ற மூன்று ஜாக்கியையும் பிரித்தேன். அவற்றின் கப்பும் ஊதியிருந்தன, இடது பின் அளவுக்கு இல்லை. ஏன் அது மட்டும் அவ்வளவு என்பதற்கு எனக்குப் பட்ட காரணம்: தொட்டியில் குறைந்திருந்ததைப் பட்டறைக்காரர்கள் ஊற்றி நிரப்பி, அந்த ஜாக்கியின் யூனியனிலிருந்துதான் காற்று எடுத்திருக்கிறார்கள். அதன் தலையில் மட்டும் ஸ்பேனர் நழுவிய தடங்கள் புதிதாக இருந்தன. புது ஆயில் நேராக வந்து சேர்ந்தது அங்கேதான்.

மூன்றாம் சனிக்கிழமை

புது ஹோஸ் மாட்டும்போது ஆக்ஸில் முழுக்கத் தொங்கும் நிலையிலும் முழுக்க ஏறிய நிலையிலும் ஹோஸ் இழுபடுகிறதா, ஸ்பிரிங் தகட்டில் உரசுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஆயில் நிரப்பி, ஜாக்கி ஒவ்வொன்றிலும் யூனியனைத் தளர்த்திக் காற்றை விட்டு, பிறகு எடையில்லாமல் ஐந்தாறு தடவை நீட்டிச் சுருக்கினேன். மிச்சக் காற்று குமிழியாகத் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. மட்டத்தை ஜாக்கிகள் நான்கும் உள்ளே இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். நீட்டிய நிலையில் நிரப்பினால், இறக்கும்போது அத்தனையும் தொட்டியில் பொங்கிக் கம்பளத்தில் வழியும்.

வண்டியைத் தரையில் இறக்கி, கட்டை வைத்து, ‘நான்கும்’ என்று திருப்பி, கைப்பிடியை வண்டிக்காரரிடம் கொடுத்தேன். அவர்தான் அடிக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. முன் வலது முதலில் எழும்பியது, அப்புறம் முன் இடது, பின்பக்கம் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே. ஒரு ஒட்டகம் எழுந்திருப்பது போல முன்னும் பின்னும் ஆடி, நான்கு சக்கரமும் தரையை விட்டது. ஸ்டாண்டு கொடுக்காமல், யாரும் கிட்டப் போகாமல், சக்கரத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து சாக்பீஸால் எழுதிவைத்தோம். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு மி.மீ. குறைந்திருந்தது. வால்வைத் திறந்ததும் நான்கு காலும் உள்ளே போயின. இடது பின் கடைசியாக, வலதுக்கு மூன்று நொடி பின்னால்.

தொட்டி மூடியில் ஒரு பித்தளைத் தகடு ஒட்டினேன்: ‘பிரேக் ஆயில் மட்டும்.’ அவருக்காக அதை ஆங்கிலத்தில்தான் பொறிக்க வேண்டியிருந்தது. வெட்டிய கட்டுக்கம்பியை அவர் தூக்கி எறியவில்லை, சுருட்டி டூல் பெட்டியில் போட்டுக்கொண்டார்.